மாமியாரை நாற்காலியில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, மேற்கு தாம்பரத்தில் வசிப்பவர் இந்த இதழில் மழைக்காலக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

முடிச்சூரில் தரைத்தள வீடு. மாமியாருக்கு 78 வயது. இன்சுலின் போடுகிறோம், நடக்க முடியாது. பிள்ளைகள் ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். கணவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். மழைக்கு முன்பே ஒரு அவசரப் பை கட்டி வைக்கச் சொல்கிறார்கள். என்னென்ன வைப்பது?
– முடிச்சூர் வாசகி

முதலில் என் வீட்டு மானத்தை வாங்கிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி நான் கோட்டூர்புரத்தில் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஒத்திகை காட்டியவன் வீட்டில் டார்ச் லைட்டுக்கு பேட்டரி இல்லை. என் மனைவி பெரிய சூட்கேஸில் பட்டுப்புடவைகளையும் கல்யாண ஆல்பத்தையும் அடுக்கி, மாடிப்படியில் நாலு படி இழுத்து, அதற்கு மேல் முடியாமல் அங்கேயே போட்டுவிட்டாள். என் அம்மாவின் பிரஷர் மாத்திரை டிவி மேஜையிலிருந்து மிதந்து போயிருக்கிறது. தாம்பரத்தில் அன்று 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. போன் கிடைக்கவில்லை. இரண்டு நாள், என் வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமலே ஊரான் வீட்டுப் பாட்டிகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் பைக்கு முதல் விதி: எடை. முழங்கால் தண்ணீரில் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது தோளில் தாங்குகிற எடைதான் உங்கள் பை. ஏழு, எட்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். சூட்கேஸ், டிராலி எதுவும் உதவாது. பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை போதும். உள்ளே கனமான பிளாஸ்டிக் கவர் ஒன்றைப் போட்டு, அதற்குள் சாமான்களை வைத்து வாயைக் கட்டிவிடுங்கள்.

மாமியாரின் சாமான்களில் ஆரம்பியுங்கள். ஒரு வாரத்துக்கான மாத்திரை, ஊசி, சுகர் பார்க்கும் மிஷின், அதன் ஸ்ட்ரிப், டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ். சர்க்கரை இறங்கினால் கொடுக்க கொஞ்சம் குளுக்கோஸ். இன்சுலினைக் கிளம்பும்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க முடியும். மறந்துவிடும். ஆகவே பையின் ஜிப்பில் ‘ஃபிரிட்ஜ்’ என்று எழுதி ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸ் துண்டு போட்டு, துணியில் சுற்றிய மருந்தை மேலே வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. இன்சுலின் உறைந்துவிட்டால் அப்புறம் தூக்கித்தான் போட வேண்டும். உடைத்துப் பயன்படுத்துகிற மருந்து வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். டப்பாவுக்குள் இருக்கும் தாளைப் படித்துவிட்டு, டாக்டரிடமும் கேட்டு வையுங்கள்.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு செட் துணி, ஒரு துண்டு, உங்களுக்கு நாப்கின். அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் மாதிரி அடுப்பு தேவைப்படாதது. தண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர் பாட்டில், பிள்ளைகள் அவரவர் பாட்டிலைத் தூக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு. பவர் பேங்க், சார்ஜர் ஒயர், டார்ச். அதில் நெற்றியில் மாட்டுகிற டார்ச் கிடைத்தால் வாங்குங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். மெழுகுவத்தி வேண்டாம். அந்த நேரத்தில் எந்த வீட்டில் கேஸ் கசிகிறது என்று யாருக்குத் தெரியும்?

பத்தும் ஐம்பதும் நூறுமாக ஒரு மூவாயிரம் ரூபாய் வையுங்கள். 2015-இல் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பாக்கி வராது.

அப்புறம் ஒரு விசில். பத்து, இருபது ரூபாய் சமாச்சாரம். மோட்டார் படகில் போகிறவனுக்கு நீங்கள் மாடியிலிருந்து கத்துவது காதில் விழாது, விசில் விழும். மூன்று மூன்றாக ஊதுங்கள். பிள்ளைகள் கையில் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள், காது போய்விடும்.

போட்டுக்கொள்வதிலும் கவனம் வேண்டும். நைட்டியும் புடவையும் தண்ணீரில் காலைச் சுற்றும். சுடிதாரோ பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பைச் சேறு பிடித்து இழுத்துவிடும், பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஷூவைப் போட்டு லேஸைக் கட்டுங்கள். முன்னால் போகிறவர் கையில் மாப் கம்பு இருக்கட்டும். தரையைத் தட்டித் தட்டிப் போக வேண்டும். மூடி திறந்த சாக்கடைக் குழி தண்ணீருக்கு மேலே தெரியாது.

இனி மாமியார். நடக்க முடியாதவர்களை நாங்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கியதைவிட வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கியதுதான் அதிகம். கைப்பிடி வைத்த, விரிசல் இல்லாத நாற்காலியாகப் பாருங்கள். உட்காரவைத்து, மார்புக்கும் இடுப்புக்கும் வேட்டியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அந்த இரண்டு பேர் யார்? உங்கள் தெருவில் இரண்டு பெயரை இப்போதே முடிவு செய்து, அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல்வரை தூக்கிப் பாருங்கள். என் அம்மா, “என்னை என்னடா பாடையிலா கட்டுறே?” என்று நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது அவராகவே நாற்காலியில் உட்கார்ந்து, “கட்டு” என்றார்.

என் கணவர் “பார்த்துக்கொள்ளலாம், தண்ணி வரட்டும்” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எப்போது கிளம்புவது சரி?
– அதே வாசகி, அதே கடிதத்தில்

இந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். பையை அரை நாளில் கட்டிவிடலாம். பை தயாராக இருந்தும் ‘இப்போ வேணாம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று பேசிப் பேசியே மாட்டிக்கொண்ட வீடுகளைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஊரில் ஒரு பெரிய தப்பெண்ணம் உண்டு. செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று டிவியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2015-இல் அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தது உண்மை. ஆனால் அந்த உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கத்தில், அதாவது உங்களுக்குக் கீழே. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைக்காரர்கள் அதைப் பார்க்க வேண்டும். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் (ஏரி நிறைந்தால் உபரி நீர் தானாக வழிகிற இடம்) தாண்டி வருகிற தண்ணீர். ஷட்டரைத் திறந்தால் அறிவிப்பு வரும், கலங்கல் தானாக வழிவதற்கு யார் சங்கு ஊதுவார்கள்? ஆதனூர் பக்கம் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் நம்பரை வாங்கி வையுங்கள். ‘கலங்கல் போகுது’ என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, டிவியின் பத்து பிளாஷ் நியூஸுக்குச் சமம்.

வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலையிலேயே பை வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஆனால் கிளம்புவதற்கு உங்கள் கண்ணால் பார்க்கிற ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை உங்கள் வீட்டு வாசற்படியில் போடாதீர்கள். நீங்கள் மெயின் ரோட்டுக்குப் போகிற வழியில் எது ரொம்பப் பள்ளமான இடம்? எங்களுக்கு அது மளிகைக்கடை முக்கு. அங்கே ஒரு மின்கம்பத்தில் கணுக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். தண்ணீர் அதைத் தொட்டால் எங்கள் வீடு பூட்டிவிடும். அப்போது எங்கள் வாசல் காய்ந்துகூட இருக்கும், தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாசலுக்குத் தண்ணீர் வரும்போது அந்த முக்கில் இடுப்பளவு ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும்.

கோடு தொடவில்லை, ஆனால் மழை விடவில்லை, மணி நாலாகிறது என்றாலும் கிளம்பிவிடுங்கள். இருட்டில் மாமியாரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

யார் முடிவு எடுப்பது? அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர். உங்கள் விஷயத்தில் அது நீங்கள். போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், போன் வேலை செய்யாது. இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டி, இன்றே அவர் வாயால் சரி சொல்ல வையுங்கள். நான் என் மனைவியிடம் அந்த அதிகாரத்தை 2015-க்கு அப்புறம்தான் ஒப்படைத்தேன். அதற்கு முன்னால் அவள், “அவர் வந்து சொல்லட்டும்” என்று உட்கார்ந்திருந்தாள்.

போகிற இடம் இரண்டு வேண்டும். ஒன்று, மேட்டுப் பகுதியில் சொந்தக்காரர் வீடு. இன்னொன்று, நடந்தே போகிற தூரத்தில் மாடி வீடு அல்லது அரசு நிவாரண முகாம். உங்கள் பகுதிக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்த மண்டபம் என்று அக்டோபரிலேயே கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். குடும்பம் பிரிந்துவிட்டால் எல்லாரும் வெளியூரில் உள்ள ஒரே ஆளுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எங்களுக்குத் திருச்சியில் என் அக்கா. பேச முடியாதபோதும் சில நேரம் குறுஞ்செய்தி போய்ச் சேரும். அந்த நம்பர் உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். அதோடு ஒரு அட்டையில் அவசர உதவி 112, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. செல்போனிலிருந்து 1077-ஐ அழைத்தால் முன்னால் எஸ்.டி.டி. கோடு சேர்க்க வேண்டும்.

கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் சேர்த்து. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், நிறையப் பேர் இதை மறக்கிறார்கள். ஸ்விட்சைத் தொடும்போது கையும் காலும் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றால் அதன் பக்கமே போகாதீர்கள். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். அது மிதக்கும்.

வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் அசலாக எடுத்துப் போவதா, நகல் போதுமா?
– சைதாப்பேட்டை வாசகர்

பத்திரம் எங்கே இருக்கிறது என்று தேடப் போய் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் பீரோவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றார். சொத்துப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், உயிருக்கு அங்கே நகல் கிடையாது. அரசின் டிஜிலாக்கர் செயலியில், கொடுத்த துறையிடமிருந்தே நேரடியாக எடுத்து வைத்த ஆதார், லைசென்ஸ் போன்றவற்றுக்குச் சட்டப்படி அசலின் மதிப்பே உண்டு. போட்டோ பிடித்து நீங்களாக ஏற்றியவற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. அசல்களை அக்டோபரிலேயே மாடியிலோ மேட்டில் இருக்கும் அக்கா தங்கை வீட்டிலோ வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத மாவு டப்பா அருமையான லாக்கர். பையில் ஜெராக்ஸ் மட்டும். வேறு எங்கும் திரும்பக் கிடைக்காதது, பழைய குடும்பப் போட்டோதான். அதை ஒரு நாள் உட்கார்ந்து செல்போனில் எடுத்து, வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள்.

நாங்கள் பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடி. எங்களுக்குமா பை?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

நீங்கள் மூழ்க மாட்டீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். மிக்ஜாம் நேரத்தில் பல நாள் கரண்ட் இல்லாத தெருக்கள் உண்டு. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, லிஃப்ட் இல்லை. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால் தண்ணீர் இருந்தும் இல்லை. குடிக்க மட்டும் தலைக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கணக்குப் போட்டு நாலு நாளுக்குச் சேர்த்து வையுங்கள். கழுவ, ஊற்றத் தனியாக டிரம்மில் பிடியுங்கள். மாத்திரைப் பை உங்களுக்கும் வேண்டும். லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்த வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லுங்கள்.

காரை என்ன செய்வது?
– வேளச்சேரி வாசகர்

2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்களே, அதற்கு நான் வேறு பதில் வைத்திருக்கிறேனா என்ன? ஒன்று மட்டும். மூழ்கிய காரை ஆசைக்குக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு சாவித் திருப்பலில் எஞ்சினே போய்விடும். போட்டோ எடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் நாயைப் படகில் ஏற்றுவார்களா?
– ஜாபர்கான்பேட்டை, எட்டாம் வகுப்பு மாணவி

ஏற்றுவார்களா என்பது அன்றைக்குப் படகில் இருக்கிற இடத்தையும், படகுக்காரரையும் பொறுத்தது. நான் ஏற்றியிருக்கிறேன், கடியும் வாங்கியிருக்கிறேன். அதனால் வாய்க்கட்டு ஒன்று வாங்கி இப்போதிலிருந்தே தினம் ஐந்து நிமிடம் போட்டுப் பழக்கு. தடுப்பூசி அட்டையும் ஒரு சின்ன டப்பா சோறும் உன் ஸ்கூல் பையில் இருக்கட்டும். எப்படியும் அழைத்துப் போக முடியாது என்ற நிலை வந்தால், கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துவிட்டு மாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். நாய் நீந்தும், மாடி ஏறும். சங்கிலியை மட்டும் அதனால் அவிழ்த்துக்கொள்ள முடியாது.