ஒரே தடவையில் பேன் போகுமா?

கேள்வி: மகளின் தலையில் பேன். ‘ஒரே தடவை போதும்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெர்மெத்ரின் மருந்தை வாங்கித் தடவினோம். பத்தே நாளில் மறுபடியும் பேன் ஊர்கிறது. போலி மருந்தை விற்றுவிட்டார்களா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. அட்டையின் முன்பக்கம் அளந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தீர்களா? 1 சதவீத பெர்மெத்ரின் ஊர்கிற பேனைத்தான் கொல்லும், ஈரை விட்டுவிடும். ஈர் பொரிக்க ஏறத்தாழ 7 முதல் 9 நாள் ஆகிறது. பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட இன்னும் 9 முதல் 12 நாள். ஆகவே முதல் தடவல் முடிந்து ஒன்பதாம் நாளை ஒட்டி இரண்டாம் முறை தடவ வேண்டும். அப்போது தப்பிய ஈரெல்லாம் பொரித்திருக்கும், எதுவும் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. இந்த இடைவெளியைத் தவறவிட்டால் எத்தனை பாட்டில் வாங்கினாலும் பேனுக்குத்தான் லாபம்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பெர்மெத்ரின் பேனின் நரம்பில் செய்தி கடத்த உதவும் ‘சோடியம் வாயில்கள்’ என்ற நுண்துளைகளைத் தாக்குகிறது. பல நாடுகளில் அந்த வாயில்களே மரபணு மாற்றத்தால் உருமாறி, மருந்துக்கு மசியாத பேன்கள் பெருகிவிட்டன. தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துச் சீவிப் பாருங்கள். செத்த பேன் ஒன்றும் விழாமல், உள்ளவை பழைய சுறுசுறுப்போடு ஓடினால், அதே மருந்தை மறுபடி வாங்காதீர்கள். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு வேறு வகைக்கு மாறுங்கள்.

டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் நரம்பு விஷமே அல்ல. பேனின் மேல் படிந்து, அது உடம்பிலிருந்து நீரை வெளியேற்ற முடியாமல் செய்து கொல்கிறது. நரம்பு மாறிய பேனுக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் இந்த எண்ணெய் கலந்த மருந்துகளில் சில எளிதில் தீப்பிடிக்கும். தடவிய தலையோடு அடுப்பருகே போகக் கூடாது.

பணம் விஷயம்: அட்டையின் முன்பக்கத்தையும் உள்தாளில் ‘மீண்டும் தடவவும்’ என்ற வரியையும் படமெடுத்து, ரசீதுடன் விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுதுங்கள். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்பதைவிட ‘உங்கள் தாளே உங்கள் அட்டையை மறுக்கிறது’ என்ற புகாருக்குப் பலம் அதிகம்.

கேள்வி: மின்சாரப் பேன்சீப்பு வாங்கலாமா, சாதாரண உலோகச் சீப்பே போதுமா?

பதில்: உலோகச் சீப்பு. மின்சாரச் சீப்பு, பற்களுக்கு நடுவே சிக்கும் பேனின் மேல் சிறு மின்னோட்டம் பாய்ச்சுகிறது. உலர்ந்த முடியில்தான் வேலை செய்யும். ஈரை ஒன்றும் செய்யாது. வலிப்பு நோய் உள்ளவர்களும் இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) வைத்தவர்களும் அதைத் தொடவே கூடாது.

சாதாரணச் சீப்பை வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பற்களுக்கு இடையே தெரியும் கீற்று அடி முதல் நுனி வரை ஒரே அளவாக, 0.3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். விரலால் நெருடினால் பல் வளைந்து கொடுக்கக் கூடாது. வளர்ந்த பேன் எள்ளளவுதான். பிளாஸ்டிக் பற்கள் அகன்று கொடுத்தால் நழுவிவிடும். ஈர முடியில் கண்டிஷனர் தடவி, வேரிலிருந்து நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தாளில் துடையுங்கள்.

இஸ்ரேலின் லாகிஷ் என்ற இடத்தில் 2016இல் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. வயது ஏறத்தாழ 3,700 ஆண்டுகள். ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 தடித்த பற்கள், மறுபக்கம் பேனெடுக்க 14 நெருக்கமான பற்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று அந்தப் பகுதியின் பழங்கால எழுத்தான கானானிய எழுத்தில் அதன்மேல் பொறித்திருப்பதை 2022இல் வெளியிட்டார்கள். பல்லிடுக்கில் பேனின் எச்சமும் கிடைத்தது. வாசகம் வேண்டுதல்தான், ஆனால் பொருள் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது.

கேள்வி: ‘பேனால் கொடிய காய்ச்சல் பரவும்’ என்று ஒரு ஷாம்பு விளம்பரம் பயமுறுத்துகிறது. உண்மையா?

பதில்: ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற வேலை இது. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது துணி மடிப்பில் வாழும் சீலைப்பேன். வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகர மருத்துவமனையில், நோயாளிகளைக் குளிப்பாட்டித் துணியை மாற்றிய பிறகு அவர்களிடமிருந்து நோய் தொற்றவில்லை என்பதைக் கவனித்த பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல், 1909இல் சோதனை செய்து அதை நிறுவினார். 1928இல் நோபல் பரிசு பெற்றார். தலைப்பேன் நோய் பரப்புவதாகக் கருதப்படுவதில்லை. அரிப்பு, சொறிந்த புண்ணில் சீழ், வீட்டில் சண்டை, இவைதான் அதன் தீமைகள். சீலைப்பேனுக்கோ ஷாம்பு எதற்கு? குளியலும், சூடான நீரில் துவைத்த துணியும் வேண்டும்.

கேள்வி: மருந்து போட்டும் வெள்ளை ஈர் தெரிகிறது என்று பள்ளியில் திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொரு பாட்டில் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். பேன் முட்டையை வேர் அருகிலேயே ஒட்டுகிறது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பவை பெரும்பாலும் பொரித்த வெற்றுக் கூடுகள். இரண்டாம் முறையும் தடவி முடித்த பிறகு, ஊர்கிற பேன் கண்ணில் பட்டால் மட்டுமே மருந்து.

கேள்வி: சோபாவுக்கும் படுக்கைக்கும் பேன் ஸ்பிரே அவசியமா?

பதில்: இல்லை. தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். தலையணை உறையையும் துண்டையும் சூடான நீரில் துவைத்தால் போதும்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பேன். பிள்ளைகளுக்கும் மருந்து போட வேண்டுமா? நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது; பூனைக்கும் விடலாமா?

பதில்: பிள்ளைகளுக்கு வேண்டாம். நாய்ப்பேன் மனிதரிடம் தங்காது, நம் பேன் நாயிடம் தங்காது. ஏறத்தாழ 5,000 பேன் இனங்களில் பெரும்பாலானவை தத்தம் விலங்கை விட்டுப் பிழைக்காதவை.

பூனை விஷயத்தில் கை வைக்காதீர்கள். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் செறிவான பெர்மெத்ரின் இருக்கிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் வந்து செத்தே போகலாம். அடையாளத்துக்கு நாயின் படத்தை மட்டும் பார்க்காமல், சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஏற்கெனவே விட்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவிவிட்டு, மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.