அமெரிக்காவில் ஃபோர்க்ளோஷர் வீடு வாங்கும்போது அப்ரைசல் குறைந்தால் என்ன ஆகும்? வேறு என்ன செலவுகள் வரும்?

நாங்கள் ஒஹாயோவில் இப்படி, பழைய உரிமையாளர் கடன் கட்டாததால் வங்கி கைப்பற்றி விற்ற ஒரு வீட்டை வாங்கித்தான் குடியிருக்கிறோம். அதனால் அப்ரைசல், அதாவது கடன் தருபவருக்காக ஒரு நிபுணர் வீட்டின் மதிப்பைக் கணிப்பது, அதிலிருந்தே தொடங்குகிறேன். பலருக்கு வீடு கைநழுவிப் போவது அந்த இடத்தில்தான்.

நீங்கள் ஒத்துக்கொண்ட விலை, அப்ரைசல் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கடன் கிடைக்கும். விலை 310,000 டாலர், அப்ரைசல் 285,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20% டவுன் பேமென்ட்டுக்கு 62,000 எடுத்து வைத்திருப்பீர்கள். ஆனால் கடன் இப்போது 285,000-ல் 80%, அதாவது 228,000 மட்டும். கையிலிருந்து 82,000 போக வேண்டும். கூடுதல் 20,000 இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம். அதே 62,000-ஐக் கட்டி 248,000 கடன் கேட்கலாம். அது மதிப்பில் 87%. கடன் தரும் லெண்டர் சம்மதித்தால், நீங்கள் கட்டத் தவறினால் அவரைக் காக்கும் பிஎம்ஐ காப்பீட்டுக் கட்டணம் மாதாமாதம் சேரும், வீடு கையைவிட்டுப் போகாது. இந்தக் கணக்கை விலை சொல்வதற்கு முன்பே போட்டுப் பாருங்கள்.

எங்களுக்கும் அப்ரைசல் குறைந்துதான் வந்தது. பக்கத்தில் விற்ற வேறு வீடுகளின் விவரங்களைக் கொடுத்து எங்கள் ஏஜென்ட் மறுபரிசீலனை கேட்டார், மதிப்பு மாறவில்லை. சரி என்று அந்த அறிக்கையையே விற்கும் வங்கிக்கு அனுப்பினோம். பல நாள் பதிலே இல்லை. அப்புறம் வித்தியாசத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள். நெடுநாள் விற்காமல் கிடக்கும் வீடென்றால் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. எஃப்ஹெச்ஏ (மத்திய அரசு காப்பீடு தரும்) கடனில் சாதாரண வீடு வாங்கினால், அப்ரைசல் குறையும்போது முன்பணத்தை இழக்காமல் விலகலாம் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். விற்பவர் ஹட் (மத்திய வீட்டு வசதித் துறை), வீட்டுக் கடன்களை வாங்கும் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக், அல்லது கைப்பற்றிய வங்கி என்றால் அந்தக் கட்டாயம் கிடையாது. அந்தப் பாதுகாப்பை நீங்களாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வங்கி தன் பங்குக்கு இணைக்கும் அடென்டம் என்ற கூடுதல் ஒப்பந்தத் தாளையும் வரி விடாமல் படியுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதை அது மீறும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

மதிப்பு சரியாக வந்தும் கடன் நிற்கலாம். தண்ணீர்க் குழாய் இல்லை, ஹீட்டர் இல்லை என்றால் பழுது பார்த்த பிறகே கடன் என்று அப்ரைசர் எழுதிவிடுவார். வங்கியோ இருக்கிற நிலையில்தான் விற்கும், செலவு செய்யாது. இன்னும் உங்களுடையதாகாத வீட்டில் நீங்கள் பணம் போடுவதும் ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டுக்கு, பழுதுச் செலவையும் சேர்த்துத் தரும் எஃப்ஹெச்ஏ 203(கே) கடன் ஒரு வழி.

மற்ற செலவுகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது தண்ணீர்க் குழாய்கள். குளிர்ப் பிரதேசங்களில் காலி வீட்டின் குழாய்களை வடித்து, உறைந்து வெடிக்காதபடி வின்டரைஸ் செய்து பூட்டிவிடுவார்கள். அதைச் செய்வதற்கு முன்பே பனியில் குழாய் வெடித்திருந்தால், தண்ணீரைத் திறக்கும்வரை தெரியாது. இன்ஸ்பெக்ஷனுக்காகத் தண்ணீரைத் திறந்து, மறுபடி வடித்து மூடும் செலவு பெரும்பாலும் வாங்குபவருடையது. தயங்காமல் கொடுங்கள்.

தண்ணீர்க் கட்டண பாக்கி பல ஊர்களில் ஆளோடு போகாது, வீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) பாக்கி, நகராட்சி போட்ட அபராதம் இவற்றையும், வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வங்கி பெரும்பாலும் முழு உத்தரவாதம் உள்ள பத்திரம் தராது, அதனால் உங்கள் பெயரில் டைட்டில் இன்ஷூரன்ஸ் (உரிமைக் காப்பீடு) எடுப்பதில் மிச்சம் பிடிக்காதீர்கள். க்ளோசிங் (பணம் கொடுத்து வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் நாள்) உங்களால் தள்ளிப்போனால் நாள் கணக்கில் கட்டணம் போடும் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் வங்கியிடம் நேரடியாக வாங்கும் வீட்டுக்கு. நீதிமன்ற வாசல் ஏலம் வேறு உலகம். அங்கே உள்ளே போய்ப் பார்க்க முடியாது, வழக்கமான வீட்டுக் கடனும் உதவாது. பழைய உரிமையாளர் உள்ளேயே இருந்தால் வெளியேற்றும் வழக்கும் உங்கள் தலையில். முந்தைய உரிமையாளருக்கு மத்திய வருமான வரி பாக்கி இருந்து, அது வீட்டின் மேல் பதிவாகியிருந்தால், ஏலத்துக்குப் பிறகும் குறைந்தது 120 நாள்களுக்கு மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் அந்த வீட்டை மீட்டுக்கொள்ள முடியும். முதல் வீடு வாங்குபவருக்கு அந்த ஏலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.