அம்மா கீழே உட்கார்ந்திருப்பார்

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். என் பத்து மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த அம்மா அடுத்த மாதம் திரும்புகிறார். அதற்குள் அவருக்கும் ஓர் ஊரைக் காட்டிவிடலாம் என்று ஞாயிறு, திங்கள் இரு நாள்கள் இத்தாலியின் புளோரன்ஸ் செல்லவிருக்கிறோம். பேராலயக் கும்மட்டம், உஃபீஸி ஓவியக்கூடம், டேவிட் சிலை, அரை நாள் பீசா கோபுரம், இவ்வளவையும் பார்க்க முடியுமா? நானும் கணவரும் கும்மட்டம் ஏறும்போது அம்மா கீழே உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார். மூட்டுவலி இருப்பதால் அவருக்கும் அதுவே வசதி. எதை முதலில் பார்க்கலாம்?

பதில்: இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல, ஊரின் பெயர் மட்டும் மாறும். பாரிசிலும் அம்மா கீழே உட்கார்ந்திருப்பார், ரோமிலும் கீழே உட்கார்ந்திருப்பார். அதுவே அவருக்கு வசதி என்று யார் சொன்னது? அவரா, நீங்களா?

அந்தக் கும்மட்டத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. பிரூனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1420இல் தொடங்கி 1436இல் முடித்த அந்தக் கட்டுமானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட குறுகலான வழியில், முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் நின்று, மெல்ல ஏறி இறங்க வேண்டும். அவ்வளவு நேரமும் கூட்டம் நெரியும் ஒரு சதுக்கத்தில், மொழி தெரியாத ஊரில், தவழத் துடிக்கும் குழந்தையை வலிக்கும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அம்மா காத்திருக்க வேண்டும். அவர் கையில் பத்து யூரோவாவது இருக்குமா? அவருடைய செல்பேசியிலிருந்து உங்களை அழைக்க முடியுமா? குழந்தைக்குத் துணி மாற்றவோ, தனக்கே கழிப்பறை செல்லவோ நேர்ந்தால் அவர் எங்கே போவார்? இவற்றில் எதையும் நீங்கள் யோசித்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. மியூனிக் வீட்டில் இத்தனை நாள் செய்த வேலையையே அவர் புளோரன்சிலும் செய்யப் போகிறார். பயணச்சீட்டு மட்டும்தான் கூடுதல். அதற்கு 'அம்மாவுக்கு ஊர் காட்டுவது' என்று பெயர் வைக்காதீர்கள்.

பீசாவும் அப்படித்தான். சாய்ந்த கோபுரத்தில் 8 வயது நிரம்பாதவர்களை ஏற விடுவதில்லை. ஆகவே அங்கும் குழந்தை யார் மடியில் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பீசாவை விட்டுவிடுங்கள். திங்கட்கிழமைகளில் உஃபீஸிக்கும் விடுமுறை, டேவிட் சிலை இருக்கும் அக்காதெமியாவுக்கும் விடுமுறை. பயணத்தைச் சனி, ஞாயிறுக்கு மாற்றுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வேண்டாம். இந்த அரசு அருங்காட்சியகங்களில் அன்று நுழைவு இலவசம் என்பதால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும்.

அம்மாவுக்காகவே பார்க்க வேண்டிய இடம் உங்கள் பட்டியலில் இல்லை. பேராலயத்திலிருந்து நேராகப் போகும் ஒரு தெருவின் முடிவில், அக்காதெமியாவுக்கு மிக அருகில், இன்னொசென்தி என்ற பழைய குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. அதே பிரூனெல்லெஸ்கி 1419இல் கட்டத் தொடங்கியது. முகப்பின் வளைவுகளுக்கு மேலே, நீலப் பின்னணியில், துணியில் சுற்றப்பட்ட வெள்ளைக் குழந்தைச் சிற்பங்கள் வட்டத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் கட்டும் ஒவ்வொரு விதம், சிலவற்றில் துணி அவிழ்ந்து தொங்குகிறது. பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தூங்க வைத்த கைகளுக்கு அதன் நேர்த்தி உங்களையும் என்னையும்விட நன்றாகப் புரியும். உள்ளே, வளர்க்க வழியில்லாமல் குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார்கள், என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்காக விட்டுப்போன பாதி நாணயங்களும் பாதிப் பதக்கங்களும் சிறு இழுப்பறைகளில் இருக்கின்றன. மேல்தளத்தில், ஒரு காலத்தில் துணி உலர்த்திய திறந்த கூடத்தில், இப்போது ஒரு காப்பிக்கடை நடக்கிறது. கும்மட்டம் அங்கிருந்து கண்ணெதிரே தெரியும், நாற்காலியில் அமர்ந்தபடியே பார்க்கலாம். (இத்தாலியில் காப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல் விலை என்பது பல கடைகளில் வழக்கம். அந்தக் கூடுதல் காசில் கணக்குப் பார்க்காதீர்கள்.)

உஃபீஸிக்கு மின்தூக்கி உண்டு. நேரம் குறிப்பிட்ட சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாலையில் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு நகரப் பேருந்திலேயே போகலாம். பேராலயத்துக்குள் செல்லத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மாவின் புடவையில் குறையில்லை, உங்கள் கணவரின் அரைக்கால் சட்டையைக் கவனியுங்கள்.

பெற்றவள் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது கடமை என்று நான் நினைக்கவில்லை; அது அவர் தருகிற கொடை. ஊதியம் இல்லாத வேலைக்கு விடுமுறையும் இல்லை என்று ஆக்கிவிடுவது, படித்துச் சம்பாதிக்கும் பிள்ளைகள் வாய்கூசாமல் செய்கிற அநியாயம். கும்மட்டம் ஏறியே தீர வேண்டுமென்றால் வெவ்வேறு நேரத்துக்கு இரண்டு சீட்டு வாங்குங்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையை வைத்துக்கொள்ளட்டும். அது சரிப்படாது என்றால் இன்னொரு வருடம் ஏறிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 600 ஆண்டுகளாக நிற்கும் கும்மட்டம் எங்கும் போய்விடாது.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன், புளோரன்சில் எதைப் பார்க்க ஆசை என்றோ, பயணமே வேண்டாம், வீட்டில் இரண்டு நாள் ஓய்வு போதுமா என்றோ அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போது குழந்தை உங்கள் கணவரின் இடுப்பில் இருக்கட்டும்.