சாட்சி சொல்லப் போகிறவர்கள் கேட்டவை: டீச்சரின் கேள்வி பதில்

டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே கேள்விகள் குவிந்துவிடும். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் சாட்சி சொல்ல வேண்டும் (தேவன் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபைமுன் எழுந்து சொல்வது), காணிக்கை போட வேண்டும், வசனம் வேண்டும். நான் ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். பெண்கள் ஐக்கியத்தில் வேதபாடம் எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். வியாதி, வழக்கு, வரன் எல்லாவற்றையும் உங்கள் சபை ஐயரிடம் கொண்டுபோங்கள்.

சாயர்புரம் வாசகர்: ஸ்தோத்திரம் டீச்சர். சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். குடி, அடிதடி எதுவும் என் கதையில் இல்லை. சின்ன வயசிலிருந்தே கோவில் பிள்ளை. என்ன சொல்வது?

அதையே சொல்லுங்கள். தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான் குறிப்பிடுகிறார். மனந்திரும்ப வைத்த புயலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உங்கள் பாட்டி விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்து ஜெபித்திருந்தால் அது போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கைதட்டலுக்காகக் கதையைக் கூட்டாதீர்கள். முதல் வருஷம் இரண்டு பீடி, அடுத்த வருஷம் இரண்டு கட்டு, மூன்றாம் வருஷம் கஞ்சா என்று வளர்ந்த சாட்சிகளை நான் கேட்டிருக்கிறேன்.

பெயர் வேண்டாம்: வருகிற வருஷத்துக்கு என்ன வாக்குத்தத்த வசனம் டீச்சர்?

கோவிலில் புதுவருஷ வசனம் அச்சடித்த அட்டை கொடுப்பார்கள்.

மதுரை வாசகி: புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைப்பிதழ் அடிக்கிறோம். புலம்பல் 3:22, 23 போடலாமா? “அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது.”

தாராளமாகப் போடுங்கள். ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் புஸ்தகத்தை முழுசாக வாசித்துவிடுங்கள், ஐந்தே அதிகாரம்தான். பாபிலோன்காரன் எருசலேமைச் சுட்டெரித்த பிறகு பாடிய ஒப்பாரி அது. வீடு கட்டினவன் பாட்டு அல்ல, வீடு போனவன் பாட்டு. பிள்ளைகள் தண்ணீர் தாகத்தால் நாக்கு மேல்வாயில் ஒட்டிக் கிடக்கிறார்கள், தாய்மார் செய்ததை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அதற்கு நடுவில்தான் ஒருவன் “உமது உண்மை பெரிது” என்கிறான். சொன்ன பிறகு நிலைமை மாறவும் இல்லை. ஐந்தாம் அதிகாரம், எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற தவிப்போடுதான் முடிகிறது. நன்றி சொல்ல வரவு வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அந்த மனுஷனுக்கு வரவு ஒன்றுமே இல்லை.

நாகர்கோவில் அப்பா: பையனுக்கு கனடா விசா வர வேண்டும். எரேமியா 29:11-ஐ, “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை” கொடுப்பேன் என்ற வசனத்தை, தினமும் வாய்விட்டு அறிக்கை செய்து வருகிறோம்.

பத்தாம் வசனத்தையும் சேர்த்து அறிக்கை செய்யுங்கள். எழுபது வருஷம் என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதும் அதே கடிதத்தில்தான் வருகிறது. மறுபடியும் சொல்கிறேன், வசனத்தை அதன் அதிகாரத்தோடு வாசியுங்கள்.

தம்பி, தூத்துக்குடி (கப்பல் வேலை): “அமேசிங் கிரேஸ்” பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் புயலில் மனந்திரும்பி, அன்றைக்கே கப்பலைத் திருப்பி அடிமைகளை விடுதலை செய்தார் என்று ஒரு கன்வென்ஷனில் கேட்டேன். உண்மையா?

இல்லை தம்பி. கப்பலில் இருப்பவர் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். 1748 மார்ச்சில் அட்லாண்டிக்கில் புயல் அடித்தபோது அவர் கேப்டன் இல்லை, 22 வயசு ஆள். “கிரேஹவுண்ட்” என்ற அந்தக் கப்பலில் இருந்த சரக்கு தேன்மெழுகும் யானைத் தந்தமும் சாயமரமும். பம்ப் அடித்து அடித்துக் கை ஓய்ந்த பிறகு, நிற்கத் தெம்பில்லாமல் சுக்கானைப் பிடித்தார். அப்போதுதான் பழைய வாழ்க்கை கண்முன் வந்தது. அவர் கடவுளைக் கூப்பிட்டது உண்மை. வருஷாவருஷம் அந்த நாளை நன்றியோடு நினைத்ததும் உண்மை.

ஆனால் அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனது அதற்கு அப்புறம்தான். 1750-க்கும் 1754-க்கும் நடுவில் மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்துவார். கீழ்த்தட்டில் மனுஷரை விலங்கு போட்டுக் கிடத்தியிருப்பார்கள். கலகம் செய்யப் போகிறார்கள் என்று சந்தேகம் வந்தபோது சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகில் நெரித்து விசாரித்ததை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். கப்பலை விட்டதுகூட மனசாட்சி உறுத்தி அல்ல, திடீரென்று வலிப்பு வந்து விழுந்ததால். 1764-ல் குருப்பட்டம். உலகமே பாடுகிற அந்தக் கிருபைப் பாட்டை இங்கிலாந்தில் ஓல்னி ஊர் சபைக்காக எழுதினார், 1773 புதுவருஷ நாள் பிரசங்கத்தை ஒட்டி. அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788-ல். புயலிலிருந்து கணக்குப் போடுங்கள், நாற்பது வருஷம்.

ஒரு சகோதரர்: தேவ மனுஷரை இப்படிக் குறைசொல்வது ஆவிக்குரிய காரியமா டீச்சர்?

குறைசொன்னது நான் அல்ல ஐயா, அவரே. அந்த 1788 அறிக்கையில், இது ரொம்பத் தாமதமாக வரும் ஒப்புக்கொள்ளுதல் என்று எழுதுகிறார். நாம்தான் அவருக்காக அந்த நாற்பது வருஷத்தை வெட்டி எறிகிறோம்.

கோயம்புத்தூர் மாணவி: அப்படியானால் 1750-ல் அவர் செய்த ஸ்தோத்திரம் பொய்யா? கீழே கிடந்தவர்களின் சாட்சி எங்கே?

நல்ல கேள்வி அம்மா. இந்த வருஷம் வந்ததிலேயே இதுதான் உருப்படியான கேள்வி. கீழே கிடந்தவர்களும் பேசினார்கள். ஒட்டோபா குகோவானோ 1787-ல் எழுதினார், ஒலாடா எக்வியானோ 1789-ல் தன் வாழ்க்கையை எழுதினார். இரண்டு பேரும் சின்ன வயசில் ஆப்பிரிக்காவில் பிடித்து விற்கப்பட்டதாக எழுதியவர்கள், இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள். எக்வியானோவும் தன்னை நடத்தி வந்த தேவனுக்கு நன்றி சொல்கிறார், அதே புஸ்தகத்தில் அடிமை வியாபாரிகளைப் பார்த்து, இதைத்தான் உங்கள் தேவனிடம் கற்றுக்கொண்டீர்களா என்றும் கேட்கிறார். நியூட்டனின் நன்றி பொய் என்று நான் சொல்லமாட்டேன். தன் உயிர் தப்பியதற்கான நன்றி அது. அவர் காலுக்குக் கீழே பலகைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது அதற்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

அதே சகோதரர்: இதெல்லாம் அரசியல். கிருபையைப் பற்றிப் பேசுங்கள்.

கிருபையைப் பற்றித்தான் பேசுகிறேன். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட அன்றைக்கே, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பேன் என்றான். யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது. புதுவீட்டுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் பத்தாயிரம் வைத்துவிட்டு, சித்தாள் அம்மாவுக்கு மூன்று வாரச் சம்பளம் பாக்கி வைத்தவர்கள் நம் சபைகளிலும் உண்டு.

அதே சகோதரர்: வருத்தமாக இருக்கிறது டீச்சர்.

சரி.

பாளையங்கோட்டை: வெள்ளைக்காரர் கதைதானா? நம்மூர் ஆள் இல்லையா?

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இருக்கிறாரே, உங்கள் பக்கத்துக்காரர்தான். வைணவக் குடும்பம், கம்பனில் ஊறியவர். 1858-ல் ஞானஸ்நானம் எடுத்தார். அவர் எழுதிய கிறிஸ்தவக் காப்பியம் இரட்சணிய யாத்திரிகம் அச்சில் வந்தது 1894-ல். அவசரப்படவில்லை. கம்பனையும் தூக்கி எறியவில்லை, அந்தத் தமிழையே கொண்டுவந்து காணிக்கையாக வைத்தார்.

இன்னொருவர்: வருகிற வருஷ வாக்குத்தத்தம்?

மேலே பாருங்கள்.

ஒரு அம்மா: ஜூலையில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். இருந்தாலும் எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும், வந்து சாட்சி சொல் என்கிறார்கள். வாய் வரவில்லை.

வேண்டாம் அம்மா, போகாதீர்கள். 88-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை புலம்பல்தான், சிநேகிதரும் அறிமுகமானவரும் தூரமாகி இருளில் நிற்பதோடு முடிகிறது. கடைசியில் ஒரு வரி துதி சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே வேதத்தில் விட்டுவைத்தார்கள். அன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டால் போதும். கட்டாயப்படுத்துகிறவர்களிடம் டீச்சர் சொன்னாள் என்று சொல்லுங்கள், என்னிடம் வரட்டும்.

திருச்சி தம்பி: இரட்சிக்கப்பட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் போகவில்லை. நான் மாறவே இல்லையோ?

உங்கள் மனைவியிடம் கேளுங்கள். மாற்றம் வீட்டாருக்குத்தான் முதலில் தெரியும். தமஸ்கு வழியில் வெளிச்சம் பார்த்து மனந்திரும்பிய பவுலே, எருசலேமுக்குப் போய் பேதுருவைப் பார்க்க மூன்று வருஷம் ஆனது என்று கலாத்தியரில் எழுதுகிறார்.

வேறொருவர்: 2 வாக்குத்தத்த வசனம் ப்ளீஸ், ஒன்று எனக்கு, ஒன்று கடைக்கு.

இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

விருதுநகர் அக்கா: வீட்டில் ஸ்தோத்திர ஜெபக் கூட்டம். எழுபது பேருக்குச் சாப்பாடு. மிஞ்சினால் என்ன செய்வது?

லேவியராகமம் 7:15. ஸ்தோத்திர பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியற்காலம் வரை வைக்கக் கூடாது. ஒரு குடும்பத்தால் ஒரே நாளில் ஒரு மாட்டைத் தின்ன முடியுமா? ஊரைக் கூப்பிட்டாக வேண்டும். அதனால் மிஞ்சுமா என்று இப்போதே கவலைப்படாமல், பட்டியலில் விட்டுப்போன தெருக்காரர்களையும் கூப்பிடுங்கள். கூட்டத்தை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் இலை போட்டுவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும்.