ராஸ்பெர்ரி பை பாதி வேகம்தானா?

தண்டையார்பேட்டையில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கணக்குக் கோப்புகளைத் தினமும் இரவு ஜீஜிப் (gzip) என்ற சுருக்கும் நிரலால் சுருக்கி பேக்அப் எடுக்கிறேன். பழைய டெஸ்க்டாப் 3.2 கிகாஹெர்ட்ஸ், புதிதாக வாங்கிய ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் 1.5. பாதி வேகத்தில் ஓடுமா? டைம் கட்டளை போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது."

பாதி என்று கணக்குப் போட முடியாது. ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதைத்தான் கிகாஹெர்ட்ஸ் சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடியும் என்பது பிராசஸருக்குப் பிராசஸர் மாறும். ஆகவே ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வேலைக்கு ஆன நேரத்தைக் காட்டும் டைம் கட்டளை தரும் மூன்று எண்களில் ரியல் என்பது கடிகார நேரம். யூசரும் சிஸ்ஸும் பிராசஸர் உழைத்த நேரம். ஒரே கோப்பை இரண்டாவது முறை சுருக்கும்போது அது பெரும்பாலும் ரேமிலிருந்தே வந்துவிடும், டிஸ்க்கைத் தொடாது. உங்கள் விடை மாறுவதற்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான். முதல் ஓட்டத்தைக் கழித்துவிட்டு, அடுத்த ஐந்தின் நடு எண்ணை எடுங்கள். வெளியீட்டை, வருவதையெல்லாம் எங்கும் சேமிக்காமல் விட்டுவிடும் டெவ்-நல்லுக்கு (/dev/null) அனுப்பினால் எழுதும் நேரமும் கலக்காது. அப்புறமும் யூசர், சிஸ் கூட்டலை விட ரியல் மிக அதிகமாக இருந்தால், பிராசஸர் எஸ்டி கார்டுக்காகக் காத்திருந்திருக்கலாம். பையில் இது சகஜம்.

இரண்டு கணினியிலும் அதே கோப்பு, அதே சுருக்க நிலை (லெவல்) இருக்கட்டும். இன்னொன்று, பையின் பிராசஸரில் தனித்தனியே வேலை செய்யும் நான்கு கோர்கள் உண்டு. ஜீஜிப் ஒரே கோரில்தான் ஓடும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும். பல கோர்களில் ஓடும் பிக்ஸீ (pigz) போட்டால் நான்கும் வேலை செய்யும். அப்போது நான்கு கோர்களின் நேரமும் கூட்டப்படுவதால் யூசர், ரியலைத் தாண்டிப் போகும், பயப்பட வேண்டாம். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஷா-256 சரிபார்ப்பை மட்டும் வைத்து பையை எடை போடாதீர்கள். பை 4-ல் அதற்கான தனிக் கட்டளைகள் சில்லிலேயே கிடையாது, பை 5-ல் உண்டு.

சூட்டையும் கவனியுங்கள். 80 டிகிரியைத் தொட்டால் பை 4 தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், விசிறி இல்லாத பெட்டிக்குள், தண்டையார்பேட்டை மாடி அறையில் ஓட்டினால் யூசர் நேரமே கூடிவிடும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

என் கணிப்பில் டெஸ்க்டாப்தான் ஜெயிக்கும். ஆனால் ஷட்டர் இறக்கிய பிறகு நடக்கும் வேலைக்கு வேகம் எதற்கு? விடியும் முன் முடிந்தால் சரி. பைக்கு மின்சாரமும் குறைவு. பேக்அப்பை மட்டும் எஸ்டி கார்டில் வைக்காமல் வெளி டிஸ்க்கில் எழுதுங்கள்.