பல்லுயிர்க் கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

குவாட்ராட் (செடி எண்ண அளந்து போடும் சதுரம்) எந்த அளவில் போட வேண்டும்? (தக்கலை)

மரத்துக்கு 10 மீட்டருக்கு 10, புதருக்கு 5-க்கு 5, புல் பூண்டுக்கு 1-க்கு 1. செழிப்பான இடமாகப் பார்த்துப் போடாதீர்கள். சீட்டுக் குலுக்கி இடத்தை எடுங்கள்.

பக்கத்துக் காட்டில் 10 வகை மரம். எங்கள் ரப்பர் தோட்டத்திலும் வேலியோர மரங்களைச் சேர்த்தால் 10. இரண்டும் சமம்தானே? (குலசேகரம்)

இல்லை. எத்தனை வகை, ஒவ்வொன்றும் எவ்வளவு சமமாக இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எண் ஷானன் குறியீடு. 100 மரத்தில் வகைக்குப் பத்து என்றால் அது 2.3 வரும். 91 ரப்பர், மற்ற ஒன்பது வகையிலும் ஒவ்வொன்று என்றால் 0.5-தான். வகை எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தேரூர் குளத்தில் போன ஜனவரியில் 60 வகைப் பறவை, இந்த முறை 40-தான். குளம் அழிகிறது என்று மனு கொடுக்கலாமா? (சுசீந்திரம்)

அவசரப்படாதீர்கள். எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. எனக்கு வரும் பட்டியல்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. விடிந்ததும் ஆறு பேர் கரையைச் சுற்றி வந்தால், இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி வரை கண்ணில் படும். பத்து மணிக்கு இரண்டு பேர் பைக்கை நிறுத்திச் சாலையிலிருந்து பார்த்தால் கொக்கும் நாமக்கோழியும்தான். குறைந்தது பறவையா, பார்த்த நேரமா? மழையும் இருக்கிறது. குளம் நிரம்பி நின்றால், கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடும். ஆகவே ஒரே பாதை, ஒரே நேரம், அதே எண்ணிக்கையில் ஆட்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நீர்மட்டம் மூன்றையும் எழுதுங்கள். அரை மணிக்கொரு முறை எத்தனை புதிய வகை சேர்ந்தது என்று குறியுங்கள். சேர்வது நின்ற பிறகுதான் பட்டியல் முழுமைக்கு அருகில் வருகிறது. தேரூர் 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். அந்தக் குளத்துக்காக அரைகுறைக் கணக்கோடு ஒரு மனு போனால், அப்புறம் சரியான கணக்கோடு போனாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மணக்குடி அலையாத்திக் காட்டில் மர வகை மிகக் குறைவு. ஏழை இடமா? (ராஜாக்கமங்கலம்)

உப்பு தாங்கும் மரங்கள் எங்குமே சிலதான். கீரிப்பாறைக் காட்டோடு ஒப்பிடாதீர்கள், இன்னொரு கழிமுகத்தோடு ஒப்பிடுங்கள். நண்டு, நத்தை, மீன்குஞ்சையும் எண்ணுங்கள். நேரத்தோடு ஓதம் ஏறியதா, இறங்கியதா என்பதையும் எழுதுங்கள்.

கைபேசிச் செயலி சொன்ன பெயரை எழுதலாமா? (நாகர்கோவில் மாணவி)

சரிபார்க்காமல் கூடாது. பெயர் தெரியாவிட்டால் ‘வகை 1’, ‘வகை 2’ என்று எழுதுங்கள். ஷானன் கணக்குக்கு அதுவே போதும்.

இது என்ன செடி? (பலர்)

இடமும் தேதியும் இல்லாத படங்களுக்குப் பதில் இல்லை. இலையின் அடிப்பக்கத்தையும் எடுத்து மறுபடி அனுப்புங்கள்.