தாக்குப்பிடித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. அரசு சட்டக் கல்லூரியில் படித்தேன். பதினான்கு மாதமாக உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஆபீஸ் தம்பு செட்டித் தெருவில். காலை ஒன்பதரைக்கு வந்தால் கிளம்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். வேலை முடிந்தாலும் சீனியர் எழுந்திருக்கும் வரை யாரும் கிளம்ப மாட்டோம். மாதம் ஆறாயிரம் தருகிறார். சில மாதம் மறந்துவிடுகிறார், நானும் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் வக்கீல். அப்பா ஆரணியில் பட்டு நெசவு செய்கிறார். ஹாஸ்டல் வாடகை இன்னும் அவர்தான் அனுப்புகிறார். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை வந்திருக்கிறது, சம்பளம் முப்பத்தைந்தாயிரம். சீனியரிடம் சொன்னேன். "தகுதி இருக்கிறவங்க தாக்குப்பிடிப்பாங்க" என்றார். எனக்குத் தகுதி இல்லையோ என்று தோன்றுகிறது. கோர்ட்டில் ஆங்கிலமும் தடுமாறுகிறது. இருக்கலாமா, போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜூனியர்களுக்கு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பார்க்கிற வக்கீல்களிடமெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தை விடுங்கள். தினமும் கோர்ட்டில் நின்றால் அது தானாக வரும். நேரம் நீள்வதையும் பெரிதாகச் சொல்ல மாட்டேன், மறுநாள் கேஸ் கட்டைப் படிக்காமல் எந்த வக்கீலும் தூங்க முடியாது. ஆனால் சீனியர் எழுந்திருக்கவில்லை என்பதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை உழைப்பில் சேர்க்காதீர்கள். வேலை முடிந்தால் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் ஹாஸ்டலுக்குப் பஸ் பிடிக்க வேண்டிய பெண்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். 'எனக்குத் தகுதி இல்லையோ.' இதை எப்படியம்மா எழுதினீர்கள்? மாதம் இருபத்தாறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஆறாயிரத்தை வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பத்தொன்பது ரூபாய்ச் சொச்சம்தான். பாரிமுனையில் ஒரு டீயும் வடையும் அதற்கு வராது. இந்தப் பணத்தில் சென்னையில் யாருமே தாக்குப்பிடிக்க முடியாது. தாக்குப்பிடிக்கிறவர்களுக்கு வேறு எங்கிருந்தோ பணம் வருகிறது. உங்கள் விஷயத்தில் அது ஆரணித் தறியிலிருந்து வருகிறது. உங்கள் சீனியர் ஆபீசை உங்கள் அப்பா நடத்திக்கொடுக்கிறார், அதுதான் நடப்பது. இதில் உங்கள் தகுதி எங்கே வந்தது?

என் அப்பா கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே சிவில் வக்கீலிடம் இருந்தார். எழுபதுகளில் அந்த ஆபீசில் இரண்டு ஜூனியர்கள். ஒருவருக்கு அரசலாற்றங்கரையில் நஞ்சை இருந்தது. இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். அந்த வாத்தியார் மகன் பாகப்பிரிவினை வழக்குக்குப் பிராது, அதாவது வழக்கைத் தொடங்கும் மனு, எழுதினால், நான்கு தலைமுறை வம்சாவளி ஒரே பக்கத்தில் சிக்கலில்லாமல் நிற்குமாம். சர்வே நம்பர், நான்கு எல்லை, கோர்ட் பீஸ் கணக்கு, ஒன்றும் பிசகாது. அவர் எழுதிய பிராது ஒன்றுகூட ரிட்டர்ன் ஆகி வந்ததில்லை என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட் ஆபீஸ் எதையெல்லாம் சாக்காக வைத்துக் காகிதத்தைத் திருப்பும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு குமாஸ்தா வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அந்த ஆபீசில் டைப் அடிப்பவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று உண்டு. வழக்கோடு வரும் கட்சிக்காரர் குமாஸ்தா பீஸ் தனியாக வைப்பார், அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஸ்டாம்ப் வெண்டருக்கு உண்டு. பிராதை எழுதிய மனிதருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. தீபாவளிக்கு வேட்டி, எப்போதாவது சீனியருக்கு மனசு வந்தால் ஐம்பது ரூபாய். அப்பா தன்னுடைய பீஸிலிருந்து அவருக்கு டிபன் வாங்கிக் கொடுப்பார். குமாஸ்தா காசில் வக்கீல் சாப்பிடுவது வெளியே தெரிந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று, சாப்பாட்டுக் கடையில் கணக்கைத் தன் பெயரில் எழுதச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வருஷம் வாத்தியார் இறந்துபோனார். கல்யாணத்துக்கு நின்ற இரண்டு தங்கைகள். மகன் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தாவாகப் போனார். நஞ்சைக்காரர் இருந்தார், எட்டு வருஷம் இருந்தார், தனியாகத் தொழில் தொடங்கினார், பிறகு அரசு வழக்கறிஞர் ஆனார். அவர் நல்ல மனிதர். என் படிப்புக்கு உதவியவர்களில் ஒருவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "இவர் திறமைசாலி, மேலே வந்துட்டார். அவருக்குப் பொறுமை இல்லை, ஓடிப்போயிட்டார்." சோறு இருந்ததைத் திறமை என்றார்கள். சோறு இல்லாததைப் பொறுமையின்மை என்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து உங்கள் சீனியர் அதையே சொல்கிறார், நீங்களும் நம்பி எனக்கு எழுதுகிறீர்கள்.

இது உங்கள் ஒருவருடைய வயிற்றுப்பாடு மட்டும் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாக வழக்கறிஞர்களிலிருந்து ஒருவரை எடுக்க வேண்டுமென்றால், பத்து வருஷமாவது உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 217ஆவது பிரிவு. நடைமுறையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. முதல் மூன்று வருஷத்தில் பசியால் வெளியேறியவர் அந்தப் பட்டியலில் எப்படி வருவார்? நெசவாளி மகளும் விவசாயக் கூலியின் மகனும் ஏன் நீதிபதி நாற்காலியில் அதிகம் இல்லை என்று கருத்தரங்கில் பேசுகிறோம். அதற்கான வடிகட்டல் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் மாடிப்படி அறைகளில் மாதாமாதம் நடக்கிறது. நில எடுப்பு வழக்கில், கூலி பாக்கி வழக்கில், ஒரு குடும்பம் மூன்று மாத வாடகையை எப்படிப் புரட்டும் என்று தெரிந்த ஒருவர் மேலே உட்கார்ந்திருப்பதற்கும் உட்காராததற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை மாதம் பதினைந்தாயிரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இழக்கிறோம்.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாமல் இல்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய், அதற்கு மேல் கூடாது. நல்ல தீர்ப்பு. அதற்கு முந்தைய மாதம்தான் நான் முதலில் சொன்ன உத்தரவு: சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. விட்டது, ஆனால் பரிந்துரையாக. கட்டாயம் இல்லை. உங்களுக்கு வருவது ஆறாயிரம். தமிழக அரசும் தன் பங்குக்கு ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 3,000 என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூவாயிரத்தில் ஹாஸ்டல் கட்டிலில் பாதிகூட வராது.

இதே பார் கவுன்சில் விதிகள், வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலை எதிலும் இருக்கக் கூடாது என்கின்றன. அந்த விதி கட்டாயம். வேறு வேலை செய்து சாப்பிடுவதைத் தடுப்பது கட்டாயம், இந்த வேலைக்குக் கூலி கொடுப்பது மட்டும் பரிந்துரை. என்ன நியாயம் இது?

"நாங்களும் அப்படித்தானே வந்தோம்" என்பார்கள். வந்தவர்கள் சொல்கிறார்கள், வர முடியாமல் போனவரைக் கேட்க வேண்டும் என்றால் கூட்டுறவு சங்கத்துக்குத்தான் போக வேண்டும். "பழக்கிவிட்டால் போய்விடுகிறார்கள்" என்பார்கள். கொடுத்தால் ஏன் போகிறார்கள்? சின்ன ஊர்களில் சீனியருக்கே கட்சிக்காரர் பீஸ் தருவதில்லை என்பது உண்மைதான், அவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் சீனியர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெங்களூர் போனால் பாவமில்லை. அப்பாவுக்கு மாதம் பத்தாயிரம் அனுப்புவது எந்த வழக்கையும்விடக் கௌரவமான காரியம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருஷ வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பவும் கொண்டுவந்துவிட்டது. கம்பெனி வேலையில் இருக்கும் காலம் அதில் சேராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பேன். சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இருபதாயிரம் என்று தொகையைச் சொல்லி, எந்த மாதத்திலிருந்து என்று கேட்பேன். கெஞ்ச வேண்டாம், கோபமும் வேண்டாம். இல்லை என்றால் வேறு ஆபீஸ் பார்ப்பேன். அதுவும் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவேன். அம்மா, உயர் நீதிமன்றத்தில் அரசு நடவடிக்கைகளை எதிர்த்துப் போடும் ரிட் வழக்குகள் பெரும்பாலும் சாட்சி விசாரணை இல்லாமல், அபிடவிட் என்ற எழுத்துமூல உறுதிமொழியோடு முடிந்துவிடும். சாட்சியைக் கூண்டில் நிறுத்தி முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் செய்து பழகுவது கீழ்க் கோர்ட்டில்தான். ஆரணியிலிருந்தே போய்வரலாம் என்றால் வாடகை மிச்சம். இலவச சட்ட உதவிக்காக 2022இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டத்தில், மாவட்டங்களில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாட முழுநேர வக்கீல்களை மாதத் தொகை கொடுத்து நியமிக்கிறார்கள். உதவி வக்கீல் பதவிக்கு மூன்று வருஷத்துக்குள் அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் காலியிடம் இருக்கிறதா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள்.

அதுவரை, வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கும் வழக்கு, நீங்கள் ஆஜரான தேதி, நீங்கள் எழுதிய மனு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த மூன்று வருஷத்துக்கான சான்றைப் பத்து வருஷ அனுபவமுள்ள வழக்கறிஞர்தான் தர வேண்டும், பிறகு உயர் நீதிமன்றம் அதற்கென நியமித்த அதிகாரி அதில் ஒப்பமிட வேண்டும். உங்கள் சீனியர் தர மறுத்தால் இன்னொருவரிடம் காட்ட அந்த நோட்டு உதவும். பதினான்கு மாதத்தையும் விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்.